சின்ன மாப்பிள்ளையின் மூன்றாவது மோட்டார்

"நீச்சல் குளத்தோட ஆழம் எவ்வளவு சார்?" என்று கேட்டார் மோட்டார் கடைக்காரர்.

ஆழம் கேட்பார்கள் என்று சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியும். அதற்காகவே காலையில் ஒட்டடைக் கம்பைக் குளத்தில் விட்டு அளந்து, கம்பில் அடையாளமும் போட்டிருந்தார். கம்பைத்தான் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார்.

"என் நெஞ்சு வரைக்கும் இருக்கும்," என்றார்.

கடைக்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் நெஞ்சைப் பார்த்தார். "நிமிர்ந்து நின்னாலா, இல்ல இப்ப நிக்கிற மாதிரி நின்னாலா?"

"இப்ப நிக்கிற மாதிரிதான். நான் எப்பவும் இப்படித்தான் நிப்பேன்."

"இப்ப இருக்கிற மோட்டார்?"

"அரை எச்.பி. வீடு கட்டும்போதே மேஸ்திரி வெச்சுக் கொடுத்தது. காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் ஓடுது. ஆனா குளத்துல தண்ணி அசைய மாட்டேங்குது. பாசி பிடிச்சுப் பச்சையாயிடுச்சு."

"அரை எச்.பி.யா?" கடைக்காரர் துக்கம் விசாரிக்கும் முகத்தை வைத்துக்கொண்டார். "அது மீன் தொட்டிக்கு சார். ஒரு எச்.பி. போட்டுப் பாருங்க. தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும்."

சின்ன மாப்பிள்ளைக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, தலையில் பாதி காலி. ஆனாலும் மனைவியின் குடும்பத்தில் அவர் சின்ன மாப்பிள்ளைதான். மனைவியின் அக்காவைக் கட்டியவர் பெரிய மாப்பிள்ளை. பட்டம் அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது, இனிமேல் மாற்றமில்லை.

அவருக்கு வேலை காப்பீட்டு நிறுவனத்தில். ஒரு கட்டடம் தீப்பிடிக்குமா, இடிந்து விழுமா, அதில் யாராவது வழுக்கி விழுவார்களா என்று பிறருக்காகக் கவலைப்பட்டுக் குறிப்பு எழுத வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. அலுவலகம் விட்ட பிறகு சம்பளமில்லாமல் தனக்காகக் கவலைப்படுவார்.

மாமனார் உயிரோடு இருந்தபோது, மகள்களுக்குள் நாளைக்கு மனஸ்தாபம் வந்துவிடக் கூடாது என்று அடுத்தடுத்த மனைகளில் ஒரே மாதிரி இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார். ஒரே மேஸ்திரி, ஒரே வரைபடம். இந்த வீட்டில் இடப்பக்கம் இருப்பது அந்த வீட்டில் வலப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பின்பக்கம் ஆளுக்கொரு நீச்சல் குளம். நடுவில் ஒரு மதில். மதிலின் இரு பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு மோட்டார் அறைகள். குழாய்கள் எல்லாம் அங்கே தரைக்குள் இறங்கி, சிமெண்டுக்கு அடியில் போய்விடும். எது எங்கே போகிறது என்று மேஸ்திரிக்குத்தான் வெளிச்சம். அவரும் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்.

மனஸ்தாபம் வராமல் மாமனார் எல்லா ஏற்பாடும் செய்தார். தண்ணீரின் நிறத்தை மட்டும் அவரால் ஏற்பாடு செய்ய முடியவில்லை. சின்ன மாப்பிள்ளையின் குளம் பச்சை. மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய மாப்பிள்ளையின் குளத்தில் ஊசி விழுந்தாலும் குனிந்து எடுத்துவிடலாம்.

பிரச்சினை அதோடு நின்றிருந்தால் சின்ன மாப்பிள்ளை வழக்கம்போல் பொறுத்துக்கொண்டு போயிருப்பார். ஆனால் மாமியாருக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்துவிட்டது. தினமும் தண்ணீருக்குள் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எந்த மகள் வீட்டுக்குப் போவது என்ற பேச்சு எழுந்தபோது, மாமியார் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே போன் போட்டார்.

"மாப்பிள்ளை, நான் உங்க வீட்டுக்குத்தான் வருவேன்."

"என் வீட்டுக்கா அத்தை?"

"ஆமா. பெரியவர் வீட்டுக்குப் போனா என்னை நடக்க விடாம பேசிக்கிட்டே இருப்பாரு. நீங்கதான் மனுஷங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேப்பீங்க. குளத்தைத் தயார் பண்ணி வைங்க."

போனை வைத்த பிறகு சின்ன மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் முதல் பந்தியும் முன் இருக்கையும் பெரிய மாப்பிள்ளைக்குத்தான் போயிருக்கின்றன. முதல் தடவையாக ஒருவர் இரண்டு மாப்பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்து, இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதைப் பாசியிடம் பறிகொடுக்க அவருக்கு மனமில்லை.

"சந்தோஷப்பட்டது போதும்," என்றாள் மனைவி. "ஆபரேஷன் பண்ண காலோட அம்மாவை இந்தப் பாசியில இறக்க முடியாது. வழுக்கிச்சுன்னா என்ன ஆகும்? அவங்க வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள தண்ணி தெளியணும். இல்லன்னா அக்கா வீட்டுக்குத்தான் போகணும்."

"தெளிய வெச்சுடுறேன்."

"எப்படி?"

"மோட்டார் மாத்தப் போறேன்."

மனைவி வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குக் கட்டில் வாங்கப் போய், வாசலில் நுழையாத கட்டிலை வாங்கி வந்தவர் அவர். அந்தக் கட்டில் இன்னும் வராந்தாவில்தான் கிடக்கிறது.

ஒரு எச்.பி. மோட்டார் வந்து இறங்கியது. பிளம்பர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. சின்ன மாப்பிள்ளை ஓடிப்போய்க் குளத்தின் ஓரத்தில் குனிந்து, தண்ணீர் வந்து விழும் துவாரத்தின் முன்னால் கையை வைத்துப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை.

"வருதா சார்?" பிளம்பர் அறைக்குள்ளிருந்து கத்தினார்.

"வரலை!"

"மீட்டர் முள்ளு நல்லாத்தானே காட்டுது!"

பிளம்பர் வெளியே வந்து குளத்தைப் பார்த்தார், உள்ளே போய் மீட்டரைப் பார்த்தார், மறுபடி குளத்தைப் பார்த்தார். "வருதுன்னு முள்ளு சொல்லுது, வரலைன்னு குளம் சொல்லுது. நான் யாரை சார் நம்புறது?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில், "மருந்துப் பொடி போடுங்க, பாசி செத்துடும்," என்றார்.

மருந்துப் பொடி டப்பாவை வாங்கி, அதன் மேல் இருந்த எச்சரிக்கைகளை ஒன்று விடாமல் படித்தார் சின்ன மாப்பிள்ளை. கண்ணில் படக் கூடாது, தோலில் படக் கூடாது, முகரக் கூடாது. அத்தையின் தையல் போட்ட காலை நினைத்துப் பார்த்தார். டீஸ்பூனில் பாதி எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு குளத்தில் தூவினார். பாசி அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மதிலுக்கு மேலே பெரிய மாப்பிள்ளையின் தலை தெரிந்தது. அவர் கம்பெனி கம்பெனியாகப் போய் ஊழியர்களுக்கு மன அமைதி பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறவர். வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார்.

"என்ன சகலை, புது மோட்டாரா?"

"ஆமாண்ணே. உங்க வீட்டுல எந்த மோட்டார் ஓடுது? எத்தனை எச்.பி.?"

பெரிய மாப்பிள்ளை புன்னகை செய்தார். "நான் மோட்டார் பக்கமே போறதில்ல சகலை. குடிவந்த மாசமே ஆஃப் பண்ணிட்டேன். தண்ணியைத் தொந்தரவு பண்ணக் கூடாது. நம்ம மனசு தெளிவா இருந்தா தண்ணி தானா தெளியும்."

"மோட்டாரே போடாமலா?"

"உள்ளுக்குள்ள அமைதி வேணும். உங்களுக்கு இல்ல. அதான் உங்க குளத்துல இல்ல."

தலை கீழே இறங்கியது. சின்ன மாப்பிள்ளை அதில் ஒரு வார்த்தையைக் கூட நம்பவில்லை. வெளிநாட்டு மோட்டார் ஒன்றை இறக்குமதி செய்து, சத்தமே வராதபடி ரகசியமாக ஓட்டுகிறார் இந்த மனுஷன் என்று உறுதியாக முடிவு செய்தார். நாற்காலி போட்டு ஏறி, அந்தப் பக்கத்து மோட்டார் அறையின் கம்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரே இருட்டு. ரகசியம் இல்லாவிட்டால் எதற்கு இருட்டு என்று அவருக்குத் தோன்றியது.

கடைக்காரரிடம் மறுபடி போனார்.

"குழாய் எத்தனை இடத்துல வளையுது சார்?"

"தெரியாது. சிமெண்டுக்கு அடியில இருக்கு."

"அதான் பார்த்தேன். வளைவு ஜாஸ்தி. ஒவ்வொரு வளைவுலயும் தண்ணிக்கு மூச்சு வாங்கும். ஒரு எச்.பி.யால வளைவுக்கு மேல வளைவு தள்ள முடியாது. ரெண்டு எச்.பி. போட்டுடுங்க."

"போதுமா?"

"போதும்னு நினைக்கிறேன் சார்."

நினைக்கிறேன் என்ற சொல் சின்ன மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு எச்.பி. மோட்டார் சுவிட்சைப் போட்டதும் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. குளிர்சாதனப் பெட்டி நின்றது, துணி துவைக்கும் இயந்திரம் சோப்பு நுரையோடு பாதியில் நின்றது. எலக்ட்ரீஷியன் வந்து, இத்தனை பெரிய மோட்டாருக்கு இந்த வயர் தாங்காது என்று சுவரைக் கொத்திப் புது வயர் இழுத்தார். மறுபடி சுவிட்சைப் போட்டபோது மின்சாரம் போகாமல் நின்றது. ஆனால் வடிகட்டித் தொட்டியின் மூடி நிற்கவில்லை. அது எகிறிப் போய்ச் செடியில் விழுந்தது. தொட்டிக்குள் இருந்த மணல் பீய்ச்சியடித்து, கொடியில் காய்ந்த துணிகளின் மேல் படிந்தது.

மனைவி படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே வந்தாள். "நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"மோட்டார் இவ்வளவு வேகமாத் தண்ணியை இழுக்குது. நம்ம குளத்துல சொட்டுக்கூட அசையல. அப்ப அந்தத் தண்ணி எங்கதான் போகுது?"

"வளைவுல தேங்கிடுதும்மா. ஒவ்வொரு வளைவுலயும் அதுக்கு மூச்சு வாங்குதாம்."

"யாருக்கு?"

"தண்ணிக்கு."

மனைவி விரிப்பை மறுபடி துவைக்கப் போட உள்ளே போனாள்.

இரண்டு எச்.பி.க்கு ஏற்ற பெரிய வடிகட்டித் தொட்டி வந்தது. மோட்டார் நாள் முழுக்க ஓடியது. குளத்தில் ஒரு தவளை குடியேறியது. பச்சைத் தண்ணீரின் நடுவில் மிதந்த இலை ஒன்றின் மேல் அது உட்கார்ந்திருந்தது. இலை நகரவே இல்லை.

அலுவலகத்தில் சின்ன மாப்பிள்ளை துணிக்கடை ஒன்றின் தீ விபத்துக் காப்பீட்டு மனுவைப் படித்துவிட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். மேலதிகாரி அவரைக் கூப்பிட்டார்.

"துணிக்கடைக்கு நீங்க எழுதின குறிப்பு புரியல. 'எச்.பி. போதாது, வளைவுகள் அதிகம்'னு எழுதியிருக்கீங்க."

"தப்பா எழுதிட்டேன் சார்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்கு சார். குளம்தான் சரியில்ல."

மேலதிகாரி அவரை இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கவலைப்பட முழு நேரமும் கிடைத்துவிட்டது.

அந்த விடுப்பில் மதிலோரம் நின்றபோது பெரிய மாப்பிள்ளையின் தலை மறுபடி உதித்தது. முகத்தில் அப்படி ஒரு பொலிவு.

"சகலை, ஒரு அதிசயம் சொல்லட்டுமா? இந்த வாரம் முழுக்கத் தண்ணில மல்லாந்து படுக்கிறேன். கையைக் காலை அசைக்கிறதே இல்ல. இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குத் தானா போய்ச் சேர்ந்துடுறேன்."

"தானாவா?"

"மனசு லேசானா உடம்பும் லேசாயிடும். பத்து வருஷத் தியானம் இப்பத்தான் பலன் கொடுக்குது. அடுத்த சொற்பொழிவுல இதைத்தான் சொல்லப் போறேன்."

சின்ன மாப்பிள்ளைக்கு எரிச்சல் தலைக்கேறியது. தன் குளத்தில் இலைகூட நகரவில்லை, அங்கே தொண்ணூறு கிலோ மனுஷன் நகர்கிறார். இப்படியும் ஒரு அநியாயமா! நேராகக் கடைக்குப் போனார்.

"இருக்கிறதுலயே பெருசு எது?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஓட்டலுக்காக வரவழைச்சது சார். அஞ்சு எச்.பி. அவங்க வேண்டாம்னுட்டாங்க. ஆனா ஒண்ணு, எடுத்துட்டுப் போனா திருப்பிக் கொண்டு வரக் கூடாது."

"ஓட்டல்காரங்க ஏன் வேண்டாம்னாங்க?"

"அவங்க குளத்துக்கு அது பெருசாம்."

யோசிக்கத் தெரிந்தவன் அங்கேயே திரும்பியிருப்பான். சின்ன மாப்பிள்ளையும் யோசித்தார். சக்கர நாற்காலியில் அத்தை வந்து இறங்குவதையும், குளத்தைப் பார்ப்பதையும், ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்புவதையும் யோசித்தார். தலையை ஆட்டிவிட்டார்.

ஓட்டல் மோட்டாரை வண்டியிலிருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அது மோட்டார் அறைக் கதவுக்குள் நுழையாததால் கதவைப் பெயர்த்தார்கள். எலக்ட்ரீஷியன் மறுபடி வந்து, போட்ட புது வயரைப் பிடுங்கிவிட்டு அதைவிடத் தடியான வயர் போட்டார். எல்லாம் முடிந்தபோது சனிக்கிழமை மாலையாகிவிட்டது.

ஞாயிறு காலை சுவிட்சைப் போட்டார்கள். சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. வராந்தாவில் கிடந்த கட்டில் தானாக ஓரடி நகர்ந்தது. மனைவி ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. கையால் குளத்தைக் காட்டினாள். சின்ன மாப்பிள்ளை பார்த்தார். பச்சைத் தண்ணீர், இலை, இலையின் மேல் தவளை. மூன்றும் வைத்தது வைத்தபடி இருந்தன. தவளை கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது.

மாமியார் கைத்தடியை ஊன்றி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். நீச்சலுக்கென்று வாங்கிய புது உடையை ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தார். குளத்தின் முன்னால் நின்று பார்த்தார். சின்ன மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்தார். மணலும் சிமெண்டும் கிரீஸும் அப்பிய முகம்.

"அத்தை, இன்னும் ஒரு வாரம் கொடுங்க," என்று மோட்டாருக்கு மேலே குரலை உயர்த்திக் கத்தினார். "வளைவெல்லாம் உடைச்சுப் பார்த்துடுறேன்!"

"பரவாயில்ல மாப்பிள்ளை!" மாமியாரும் கத்தினார். "பச்சை கண்ணுக்கு நல்லது! ஆனா இன்னைக்கே தண்ணியில நடக்கணும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு! நான் தினமும் சாயங்காலம் வந்து உங்களைப் பார்த்துட்டுப் போறேன்!"

மாமியார் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குப் போனார். அதுதான் சின்ன மாப்பிள்ளைக்கு இன்னும் வலித்தது. மனைவியும் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. கோபத்தையாவது தாங்கிக்கொண்டிருப்பார்.

கதவில்லாத மோட்டார் அறையில், உறுமுகிற அந்த ஐந்து எச்.பி. பூதத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் இந்நேரம் அத்தை தண்ணீரில் இறங்கியிருப்பார். பெரிய மாப்பிள்ளை கரையில் நின்று மனசைப் பற்றி ஆரம்பித்திருப்பார். இனி காலத்துக்கும் அந்தக் குடும்பத்தில் தெளிந்த தண்ணீர் என்றால் அவர், பாசி என்றால் இவர். காப்பீட்டுக் கம்பெனியில் எத்தனையோ நஷ்டங்களை முன்கூட்டியே கண்டுபிடித்தவருக்கு, இந்த ஒரு நஷ்டம் வருவதைத் தடுக்கத் தெரியவில்லை. அழுகை வந்தது. சத்தம் வெளியே கேட்காது என்பதால் கொஞ்ச நேரம் தாராளமாக அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒன்றுக்கும் உதவாத மோட்டார் எதற்கு ஓட வேண்டும்? சுவிட்சை அணைத்தார்.

உறுமல் அடங்கியது. காது இரைந்தது. தோட்டத்தில் அத்தனை நாளாகக் கேட்காத குருவிச் சத்தம் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய மாப்பிள்ளையின் குரல், "நான் சொல்லலை அத்தை? மனசு அமைதியா இருந்தா தண்ணியே நம்மளைத் தள்ளிக்கிட்டுப் போகும்..." என்று வந்து, என்ன காரணத்தாலோ பாதியில் நின்றது. தண்ணீரைக் கையால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மாமியார் மதிலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அதை ஏன் நிறுத்துனீங்க? உங்க மோட்டார் நின்னதும் இந்தக் குளத்துல ஓட்டம் நின்னுபோச்சு, சீக்கிரம் போடுங்க, இப்பத்தான் காலுக்கு இதமா இருந்துச்சு!"